கடைசிக் குழாய்



மார்ச் மாதத்தில் தண்ணீருக்கு இரண்டு நாட்கள் உண்டு. ஒன்று மார்ச் 22. ஐ.நா. சபை அறிவித்து 1993 முதல் உலகம் முழுக்க அனுசரிக்கப்படும் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்றைக்குக் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-லிருந்து ஏற்பாடு. அன்றைக்கு எல்லா மேடையிலும் ஒரே பேச்சுதான்: தண்ணீரைச் சேமியுங்கள், சிக்கனமாகப் புழங்குங்கள், ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

இன்னொன்று அதற்கு இரண்டு நாள் முந்தியது. 1927 மார்ச் 20. அன்றைக்குத்தான் மகாட் நகரில் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவர் பின்னால் ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். இந்த நாளுக்குக் கிராம சபை இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி இல்லை.

இந்த இரண்டு நாட்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகவே பேசப் போகிறேன். ஆனால் வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீர், எல்லோருக்கும், ஒரே குழாயில். அதன் பிறகு சிக்கனம். இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுவதில் ஓர் அரசியல் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு குடம் பிடிக்கிறவளையும், மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புகிறவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து 'நாம் எல்லோரும் தண்ணீரை வீணாக்குகிறோம்' என்று சொல்கிற அரசியல் அது.

மகாட் குளம் நகராட்சியின் பொதுக் குளம். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களும் பொது நீர்நிலைகளைப் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் எல்லாம் சரி. குளத்தில் மட்டும் கை வைக்க முடியாது. வைத்த பிறகு என்ன நடந்தது? அடி, உதை. குளத்துக்குப் 'புனிதச் சடங்கு'. குடம் குடமாக மாட்டு மூத்திரமும் சாணியும் பாலும் தயிரும் ஊற்றி, மந்திரம் சொல்லித் 'தீட்டு' கழித்தார்கள். மாடு நீர் குடித்த குளம்தான் அது. மனுசன் குடித்ததும் அசுத்தமாகிவிட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1937-ல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருசம்.

நம்ம பக்கத்திலும் இதே கதை. 1924-ல் சென்னை சட்டசபையில், பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் இவற்றில் எவரையும் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணற்றையும் குளத்தையும் குளிக்கும் துறையையும் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டம் கிணற்றைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த நாட்டின் கிணறுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஏரியூருக்கு வருவோம்.

பேரிலேயே ஏரி இருக்கிற ஊர் இது. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம். வடக்கே ஒகேனக்கல்லில் காவிரி விழுகிறது. விழுந்த தண்ணீர் இந்தப் பக்கமாக இறங்கித்தான் மேட்டூர் அணைக்குப் போகிறது. நாகமரையில் போய் நின்றால் கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர். எதிர்க்கரை பண்ணவாடி. அணை வற்றுகிற வருசத்தில், மூழ்கிப்போன பழைய கோயில் நந்தி தலை தூக்கும். அதைப் பார்க்கக் கூட்டம் போகும். அந்த அணை 1934-ல் கட்டி முடிந்தது. 93 டி.எம்.சி.க்கு மேல் தேங்கும். டெல்டா முழுக்க அந்தத் தண்ணீரில் நெல் விளைந்தது. தண்ணீருக்கு இடம் கொடுத்த இந்த மேட்டுக் காட்டு மக்கள் குடித்ததோ போர் தண்ணி. மழை பொய்த்தால் அதுவும் இல்லாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டினார்கள்.

அந்தப் போர் தண்ணியில் என்ன இருந்தது என்பது நம் வாயைத் திறந்தால் தெரியும். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. சில பேருக்குக் குழி. வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினார்கள். 'பல்லே விளக்க மாட்டீங்களா' என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? விளக்கினால் போகிற கறை இல்லை அது. பால் பல் விழுந்து முளைக்கிற நிலைப்பல், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயசிலேயே உள்ளே போன புளோரைடு செய்த வேலை. சுமார் எட்டு வயசுக்குள் நடந்து முடிந்துவிடும். அப்புறம் எந்தப் பற்பொடியாலும் அழியாது.

பல்லோடு நின்றால் பரவாயில்லை. பத்து, இருபது வருசம் தொடர்ந்து குடித்தால் எலும்பில் ஏறும். முதுகும் கழுத்தும் முழங்காலும் இறுகும். குனிய முடியாது, குந்த முடியாது. களை எடுக்கிறவளுக்கும் கல் உடைக்கிறவனுக்கும் குனிவதும் குந்துவதும்தானே பிழைப்பு? வயசுக்கு முன்னால் வந்த கிழத்தனம் என்று நினைத்துக்கொண்டு கோலை ஊன்றி நடந்தவர்கள் எத்தனை பேர். எலும்பில் ஏறினதை இறக்க மருந்து கிடையாது. நல்ல தண்ணீர்தான் மருந்து. அதுவும் வருமுன் கொடுக்க வேண்டிய மருந்து.

இது சாமி குத்தம் இல்லை. நம் காலுக்குக் கீழே இருக்கிற பாறை காரணம். கருங்கல் வகைப் பாறைகளில் புளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. தண்ணீர் பாறை இடுக்கில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு கரைக்கும். மழை குறைந்து, ஏரி தூர்ந்து, கிணறு வற்றி, நூறடி போர் ஐநூறடி ஆயிரம் அடியானபோது, நாம் மேலே இழுத்தது பெரும்பாலும் அப்படிப் பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த தண்ணீர். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5தான்.

இந்த நோய் இங்கே இருப்பது எப்போது தெரியும்? 1937-ல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்து மக்களிடம் இதைக் கண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். இந்தியாவிலேயே முதலில் பதிவானது நம் மாகாணத்தில்தான். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்து, 2013 மே மாதம் அது திறக்கப்பட்டது. திட்டத்தின் பேரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. 1937-லிருந்து 2013 வரை 76 வருசம். இந்த இடைவெளியில் மூன்று தலைமுறைப் பல் கறையானது.

திட்டம் வந்தது பெரிய காரியம். அதை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரிய குழாய் ஒகேனக்கல்லில் ஆரம்பிக்கிறது. நமக்கு வேண்டிய கேள்வி அது எங்கே முடிகிறது என்பது. யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து ஏற்றுகிற தண்ணீர் பல தொட்டி மாறி ஊருக்குள் வருகிறது. ஊருக்குள் அது எந்தத் தெருவுக்கு முதலில் போகும், எந்த வால்வு எத்தனை நிமிசம் திறந்திருக்கும் என்பதை இஞ்சினியர் முடிவு செய்வதில்லை. ஊர் முடிவு செய்கிறது. மேட்டில் இருக்கிற சேரிக்கு வேகம் இல்லை என்பார்கள். பள்ளத்தில் இருக்கிற சேரிக்குக் கடைசியில் வரும் என்பார்கள். மேடோ பள்ளமோ, கடைசிக் குழாய் நம்முடையது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும் என்று படித்திருக்கிறோம். நம் ஊர்களில் அது சாதியைப் பார்த்தும் ஓடுகிறது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மாணவத் தோழர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காவிரித் தண்ணீர் போதாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியையும் சேர்த்து ஏற்றுகிற வழக்கம் உண்டு. காவிரித் தண்ணீரில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் புளோரைடு என்றும், போர் தண்ணியில் 3 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் வருவது 1.7. எல்லையைத் தாண்டிவிட்டது. குழாயைத் திறந்தால் 'ஒகேனக்கல் தண்ணி' வருகிறது. ருசியும் கொஞ்சம் மாறியிருக்கும். உள்ளே இருப்பது பழைய வியாதிதான். ஊர்த் தொட்டிக்குக் காவிரியும் காலனித் தொட்டிக்குப் போரும் என்று பிரித்திருந்தால் கணக்கே தேவையில்லை.

தனித் தொட்டி என்றதும் வேங்கைவயல் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், மருத்துவர் சொல்லி, மேலே ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. அந்த ஊர்த் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பாதிக்கப்பட்ட மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இன்னொரு முறை எழுதலாம். இங்கே நான் கேட்பது ஒன்றுதான். சேரிக்கு என்று ஒரு தொட்டியை ஏன் தனியே கட்டினார்கள்?

தனிக் கிணறு என்றால் தீண்டாமை என்று சட்டம் சொல்லும். தனித் தொட்டி என்றால் 'நலத்திட்டம்'. சிமெண்டில் கட்டி, கம்பி ஏணி வைத்து, திறப்பு விழாக் கல்வெட்டும் பதித்துவிட்டால் பழைய சேரிக் கிணறு நவீனமாகிவிடுகிறது. 'உங்களுக்குத் தனியாவே கட்டிக் கொடுத்துட்டோமே, அப்புறம் என்ன?' என்று கேட்கிறார்கள். அந்தத் 'தனியா'தான் பிரச்சினை. ஊர் முழுக்க ஒரே தொட்டியில் குடித்தால் அந்தத் தொட்டியை எல்லோரும் காப்பாற்றுவார்கள். கழுவவில்லை என்றால் எல்லா வீட்டிலிருந்தும் சத்தம் வரும். தனித் தொட்டி கெட்டுப்போனால் சேரி மட்டும் கத்தும். சேரி கத்துவது யார் காதில் விழும்? நீர்நிலையைக் கெடுப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஆனால் சட்டம் குற்றம் நடந்த பிறகு வருவது. பொதுத் தொட்டி குற்றத்துக்கு முன்னாலேயே நிற்கிற காவல்.

இப்போது சிக்கனத்துக்கு வருகிறேன்.

சேரிப் பெண்ணுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் சொல்லித்தர இந்த நாட்டில் யாருக்கும் யோக்கியதை இல்லை. அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு. பாத்திரம் கழுவின தண்ணி முருங்கைக்கு. குளிக்கிற தண்ணி கல்லுக்கு அடியில் இருக்கும் வாழைக்கு. இது புத்தகத்தில் படித்தது இல்லை, இடுப்பில் சுமந்து படித்தது. சுமக்கிறவளுக்குத் தண்ணீரின் எடை தெரியும். கிராமத்தில் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்று 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கணக்கு வைத்திருக்கிறது. அஞ்சு பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் பதினெட்டுக் குடம். கடைசிக் குழாயில் பதினெட்டுக் குடம் என்றைக்காவது வருகிறதா? வராதவரை 'சேமி' என்பது சோறு போடாமல் 'அளவாய்ச் சாப்பிடு' என்பது போல.

அதற்காக நாம் வீட்டுக்குள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. புளோரைடு மண்ணில் சிக்கனத்துக்கு வேறொரு பொருள் உண்டு: எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்து வைப்பது. நம் வீடுகளில் பேச வேண்டியதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும். துணிக்கும் பாத்திரத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போர் தண்ணி. சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணி ஊற்றினால் உலையில் தண்ணி சுண்டச் சுண்டப் புளோரைடு நிற்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணி ஆவியாகிக் குறைவதால் அளவு இன்னும் கூடும். 'காய்ச்சித்தானே குடிக்கிறோம்' என்று நம்புகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்களிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும். குளோரின் வாசனை பிடிக்கவில்லை என்று குழாய்த் தண்ணியைக் கீழே ஊற்றிவிட்டு, 'ருசியா இருக்கு' என்று அடிபம்பில் பிடிக்கிறவர்களிடமும் சொல்ல வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் அந்த வாசனை அடங்கும்.

பிடித்து வைத்த தண்ணீருக்கு மூடி வேண்டும். கையை விட்டு மொள்ளாமல் நீளக் காம்பு அகப்பையால் எடுக்க வேண்டும். திறந்து கிடக்கும் தொட்டியில்தான் டெங்குக் கொசு முட்டை வைக்கிறது.

மழைத் தண்ணியில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். நம் மாவட்டத்தில் வருசத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 200 சதுர அடித் தொகுப்பு வீட்டுக் கூரையில் விழுவது ஏறக்குறைய 15,800 லிட்டர். சிதறினது போக ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலும் 12,600 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு நாளைக்கு 25 லிட்டர் போதும். கணக்குப்படி ஒரு வருசத்துக்கு மேல் வரும். அவ்வளவையும் தேக்கிவைக்க இடம் ஏது என்று கேட்பீர்கள். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தாலே நாற்பது நாள் தாங்கும். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைத் துணியில் வடிகட்டிப் பிடிக்க வேண்டும். குடிக்கும் முன் காய்ச்ச வேண்டும். தொகுப்பு வீட்டோடு அந்தத் தொட்டியையும் சேர்த்துக் கொடு என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடம்பை இந்த நோய் சீக்கிரம் மடக்கும். கேழ்வரகுக் களி தின்ற மண் இது. ரேஷன் அரிசி வந்தபின் களி 'ஏழைச் சோறு' என்று இளப்பமாகிவிட்டது. 2023-ல் நம் மாவட்ட ரேஷனில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தபோது வாங்காமல் விட்டவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு சிக்கனப் பாடம் உண்டு. பொதுக் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவது திருட்டு. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராமல் போவதோடு முடிவதில்லை. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வரும். அது சாதி பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போகும்.

இனி இயக்கத்தின் வேலை. கோஷத்துக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கடைசிக் குழாயில் உட்கார்ந்து ஒரு மாசம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது, எத்தனை குடம். அதே நாளில் ஊர்த் தெருவின் முதல் குழாயிலும் இன்னொருவர் எழுத வேண்டும். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தால் அதற்கு மேல் பேச்சு தேவைப்படாது. தொட்டி கழுவின தேதியைத் தொட்டி மேலேயே எழுதும் வழக்கம் உண்டு. அந்தத் தேதி போன வருசத்ததா என்று பாருங்கள். தண்ணீரைச் சோதிக்க ஊராட்சிகளுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஐந்து பேரில் சேரிப் பெண்கள் எத்தனை பேர்? பெட்டி யார் வீட்டுப் பரணில் தூங்குகிறது? தொட்டியில் எடுத்த தண்ணீரையும் கடைசிக் குழாயில் எடுத்த தண்ணீரையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். வேதியியல் படிக்கிற நம் மாணவர்கள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

இந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போக வேண்டும். மூன்று தீர்மானம் கேட்க வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி. குடிதண்ணீரில் போர் தண்ணி கலப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது கடைசிக் குழாய்க்கு முதலில் தண்ணீர்.

நமக்குள்ளும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சேரிக்குள்ளும் கடைசித் தெரு ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் அது அருந்ததியர் தெரு. ஊர்க்காரனிடம் சமத்துவம் கேட்டுவிட்டு வருகிற நாம், நம் குழாயில் அவர்கள் குடம் வரிசையில் எத்தனையாவதாக இருக்கிறது என்று பார்க்கிறோமா? பார்க்கவில்லை என்றால் மகாட் குளத்தைப் பற்றிப் பேச நமக்கும் வாயில்லை. நோட்டுப் புத்தகம் அந்தத் தெருவில் இருந்தே ஆரம்பிக்கட்டும்.

அடுத்த மார்ச் 22-க்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்றைக்குச் சேமிப்பைப் பற்றிப் பேச வருகிறவர் வரட்டும், வரவேற்போம். நாற்காலியை மட்டும் கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் போடுவோம். குழாயைத் திறந்து, வருகிற தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து அவருக்குக் கொடுப்போம். குடித்துவிட்டுப் பேசட்டும்.